படம் வருகிறது, ஒலி வரவில்லை: செட்டாப் பாக்ஸை ஹோம் தியேட்டருடன் இணைக்கும்போது வரும் கோளாறுகள்

ஹோம் தியேட்டரில் ஒலி நின்றுவிட்டால் நம் வீடுகளில் முதலில் நடப்பது, பின்பக்க வயர்களை எல்லாம் பிடுங்கித் திரும்பச் செருகுவது. அடுத்தது, கேபிள்காரருக்குப் போன் செய்வது. முதல் காரியம் ஒரு கோளாறை மூன்றாக்கும். இரண்டாவதால் பெரும்பாலும் பயனில்லை. எல்லாச் சேனல்களிலும் படம் தெளிவாக ஓடுகிறது என்றால் அவர் தரவேண்டிய சிக்னல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. ஒலி தொலைந்தது அதற்கப்பால், உங்கள் கூடத்துக்குள்.

குழப்பம் வேண்டாம் என்பதற்காக ஒன்று: கேபிள் இணைப்போ டி.டி.எச். இணைப்போ வந்து சேரும் பெட்டியை இங்கே ‘பாக்ஸ்’ என்கிறேன். ஸ்பீக்கர்கள் இணைந்திருக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டிதான் ‘ரிசீவர்’.

அறிகுறி எதுவானாலும் இரண்டு வேலைகளை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பாக்ஸின் மெனுவில் ஒலிக்கான பகுதிக்குப் போய், டிஜிட்டல் ஒலி வெளியீட்டை ‘பி.சி.எம்.’ என்று மாற்றுங்கள். சில பாக்ஸ்களில் அது ‘ஸ்டீரியோ’ என்று இருக்கும். டால்பி (ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை), ஆட்டோ, பாஸ்-த்ரூ என்று அங்கே இருக்கும் மற்றவை எல்லாம் பிறகு. பி.சி.எம். என்பது சுருக்கப்படாத சாதாரண ஸ்டீரியோ. டிஜிட்டல் ஒலியை ஏற்கும் எந்த ரிசீவரும் அதை மறுக்காது. 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்து தரும் சுற்றொலி) கேட்க வேண்டும் என்ற ஆசையில் ஆரம்பிப்பவர்கள்தான் நாள் முழுக்க அல்லாடுகிறார்கள். ஸ்டீரியோ ஒலி ஒழுங்காக வந்த பிறகு 5.1-க்குப் போவதற்கு ஒரே ஒரு மெனு மாற்றம் போதும்.

அடுத்து, ரிசீவரை எஃப்.எம். வானொலிக்கு மாற்றுங்கள். ஏரியல் இல்லாவிட்டாலும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலாவது வரும். அந்த இரைச்சல் போதும்: ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், ஸ்பீக்கர் வயர் மூன்றும் நலம். (இரைச்சலைத் தானாக அடக்கிவிடும் ரிசீவர்களும் உண்டு, அப்படியானால் ஏதாவது ஒரு நிலையத்தைப் பிடித்துப் பாருங்கள்.) எஃப்.எம். இல்லாத செட் என்றால் கைப்பேசியை புளூடூத்திலோ ஆக்ஸ் ஜாக்கிலோ இணைத்து ஒரு பாட்டைப் போடுங்கள். அதுவும் ஊமையாக இருந்தால் பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

எங்கும் ஒலி இல்லை, படம் மட்டும் ஓடுகிறது

எஃப்.எம். கூடக் கேட்கவில்லை என்றால் ரிசீவரின் முன்பக்கத்தைப் பாருங்கள். ஹெட்ஃபோன் ஜாக்கில் ஏதாவது செருகியிருந்தால் ஸ்பீக்கர்கள் அடங்கிவிடும். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அதன் இணைப்புப் பின்னை மட்டும் ஜாக்கிலேயே விட்டுவைப்பவர்கள் உண்டு. ‘ஸ்பீக்கர் ஏ’, ‘ஸ்பீக்கர் பி’ என்று பொத்தான்கள் இருந்தால் ஏ எரிய வேண்டும். திரையில் ‘மியூட்’ மினுக்குகிறதா என்பதும் ஒரு பார்வை.

எஃப்.எம். கேட்கிறது, பாக்ஸ் ஒலிதான் இல்லை என்றால், முதலில் பாக்ஸின் சொந்த வால்யூமைப் பாருங்கள். கேபிள் பாக்ஸ்களுக்குப் பெரும்பாலும் டி.வி.யிலிருந்து தனியான வால்யூமும் மியூட்டும் உண்டு. யாரோ குறைத்துவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதை உச்சத்திலோ உச்சத்துக்கு ஒரு படி கீழேயோ வைத்துவிட்டு, இனிமேல் ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் ரிசீவரின் ரிமோட்டில் மட்டும் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அடுத்து வயர். பலரையும் ஏமாற்றுவது டி.வி.டி. பிளேயரோடு சேர்ந்து வந்த ஹோம் தியேட்டர் செட். அதன் பின்னால் ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. சாக்கெட் இருக்கும். பாக்ஸிலிருந்து வரும் எச்.டி.எம்.ஐ. வயர் அதில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அது ‘அவுட்’, டி.வி.டி.யின் படத்தை டி.வி.க்கு அனுப்புவதற்காக வைத்தது. பாக்ஸின் சாக்கெட்டும் அவுட். இரண்டு அவுட்டுகளை இணைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஒன்றும் கேட்கவும் கேட்காது. இப்படிப்பட்ட செட்டில் ‘ஆப்டிகல் இன்’ (ஒலியை வெளிச்சமாகக் கொண்டுவரும் வயருக்கான சாக்கெட்) இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சிவப்பு, வெள்ளைப் பின்கள் செருகும் ‘ஆக்ஸ் இன்’ இருக்கும். பாக்ஸின் எச்.டி.எம்.ஐ. நேராக டி.வி.க்குப் போகட்டும், ஒலி மட்டும் தனி வயரில் இங்கே வரட்டும். தனியாக வாங்கிய ஏ.வி. ரிசீவர் என்றால் பல எச்.டி.எம்.ஐ. ‘இன்’ சாக்கெட்டுகள் இருக்கும். அங்கே இந்தத் தொல்லை இல்லை.

அங்கே இருப்பது வேறு தொல்லை. ரிசீவரில் நீங்கள் தேர்வு செய்யும் பெயருக்கும் பின்னால் இருக்கும் சாக்கெட்டுக்கும் உள்ள உறவு மெனுவில் எழுதி வைத்தது. டெனான், ஆன்கியோ ரிசீவர்களில் பாக்ஸுக்கான பெயர் ‘சி.பி.எல்./சாட்’; சோனியில் ‘சாட்/சி.ஏ.டி.வி.’. அந்தப் பெயருக்குப் படம் எந்த சாக்கெட்டிலிருந்து, ஒலி எந்த சாக்கெட்டிலிருந்து என்று தனித்தனியாக நிர்ணயிக்கலாம். அதனால்தான் படம் சரியாக வந்து ஒலி மட்டும் காணாமல் போக முடிகிறது: படத்தை எச்.டி.எம்.ஐ. ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டு, ஒன்றுமே செருகாத ஆப்டிகல் சாக்கெட்டில் ஒலிக்காகக் காத்துக்கொண்டிருக்கும் ரிசீவர். ‘இன்புட் அசைன்’ என்ற பகுதியைத் திறந்து, வயர் உண்மையில் எங்கே செருகியிருக்கிறதோ அதையே எழுதுங்கள். ‘இன்புட் மோட்’ என்று ஒன்று தனியாக இருந்தால் ‘அனலாக்’ என்று நிலையாக நிற்காமல் ‘ஆட்டோ’வில் இருக்க வேண்டும்.

இதே மெனுவின் இன்னொரு மூலையில் எச்.டி.எம்.ஐ. ஒலியை ஆம்ப்ளிஃபையரில் ஒலிக்கவிடுவதா, அப்படியே டி.வி.க்குத் தள்ளிவிடுவதா என்று கேட்கும் ஓர் அமைப்பு உண்டு. அது ‘டி.வி.’ என்று இருந்தால் டி.வி.யின் சிறு ஸ்பீக்கர்கள் பேசும், ரிசீவர் வாய் திறக்காது. ‘ஆம்ப்’ என்று மாற்றுங்கள்.

ஆப்டிகல் வயர் பயன்படுத்துகிறவர்களுக்கு: புது வயரின் இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நிறமற்ற ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும், கழற்றினீர்களா? பாக்ஸ் ஓடும்போது ரிசீவர் பக்க முனையை உருவி ஓர் உள்ளங்கைக்கு முன் பிடித்தால் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். வெளிச்சம் இருந்தாலே ஒலி இருக்கிறது என்று பொருளில்லை. வெளிச்சம் இல்லையென்றால் ஒலி நிச்சயம் இல்லை. வயரை டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் மடித்து நசுக்கியிருந்தால் உள்ளிழை முறிந்திருக்கும்.

சில பாக்ஸ்களில் ஆப்டிகலுக்குப் பதிலாக ஆரஞ்சு நிற ‘கோஆக்ஸியல்’ சாக்கெட் இருக்கும். அது டிஜிட்டல் வெளியீடு. ரிசீவரின் சிவப்பு ஆடியோ சாக்கெட்டில் செருகக் கூடாது, அங்கும் கோஆக்ஸியல் என்று எழுதிய சாக்கெட்டில்தான் செருக வேண்டும். இதற்கென்று கடைக்குப் போய்த் தனி வயர் வாங்க வேண்டாம். பழைய ஏ.வி. வயர்களில் மஞ்சள் பின் கொண்டது வீடியோவுக்காக 75 ஓம் அளவில் செய்யப்பட்டது, டிஜிட்டல் ஒலிக்கும் அதே அளவுதான்.

எல்லாம் சரி, ஆனாலும் எச்.டி.எம்.ஐ. வழியில் ஒலி இல்லையா? மூன்று கருவிகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் பேச்சுவார்த்தை முறிந்திருக்கலாம். மின்வெட்டு முடிந்து எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெறும்போது இது அடிக்கடி நடக்கும். ரிமோட்டில் அணைப்பது போதாது. சுவர் ஸ்விட்சையே அணைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு டி.வி., ரிசீவர், பாக்ஸ் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக, முந்தையது முழுதாக எழுந்த பின் அடுத்ததை, இயக்குங்கள்.

அப்போதும் இல்லையென்றால் பாதையை இரண்டாக வெட்டிப் பார்க்க வேண்டியதுதான். பாக்ஸின் எச்.டி.எம்.ஐ.யை ரிசீவரைத் தவிர்த்து நேராக டி.வி.யில் செருகுங்கள். டி.வி. பேசவில்லை என்றால் பாக்ஸோ வயரோ குற்றவாளி. டி.வி. பேசினால், ரிசீவரின் அதே சாக்கெட்டில் லேப்டாப் போல வேறு கருவி ஒன்றைச் செருகிப் பாருங்கள். அதுவும் கேட்கவில்லை, ஆனால் பக்கத்து சாக்கெட்டில் கேட்கிறது என்றால் அந்த ஒரு சாக்கெட் மட்டும் செத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்குப் பிறகு இப்படி நடப்பது சகஜம். தெருக் கம்பத்திலிருந்தும் மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்தும் வரும் வயர் வழியே மின்னலின் அதிர்வு பாக்ஸுக்குள் நுழைந்து, எச்.டி.எம்.ஐ. வழியாக அடுத்த கருவிக்கும் தாவும். இடி இடிக்கத் தொடங்குமுன் மின் பிளக்கை மட்டும் பிடுங்குகிறவர்கள், திருகு போட்ட அந்த வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். பிளக்கைப் பிடுங்கியதோடு நிறுத்தினால் மின்னலுக்குப் பாதி வாசலைத் திறந்தே வைத்ததாகும்.

டி.வி.யில் கேட்கிறது, ரிசீவரில் கேட்கவில்லை

பாக்ஸ் டி.வி.யில் இணைந்திருந்து, ஒலி அங்கிருந்து ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டிய அமைப்பு இது. எச்.டி.எம்.ஐ.யின் 1.4 பதிப்போடு 2009-இல் வந்த ஏ.ஆர்.சி. வசதியைத்தான் இதற்கு நம்பியிருக்கிறோம். ஒரே வயரில் படம் ஒரு திசையிலும் ஒலி எதிர்த்திசையிலும் போகும்.

டி.வி.யில் எல்லா எச்.டி.எம்.ஐ. சாக்கெட்டுகளும் இதைச் செய்யாது. ‘ஏ.ஆர்.சி.’ அல்லது அதன் புதிய வடிவமான ‘இ.ஏ.ஆர்.சி.’ என்று எழுதியிருக்கும் ஒன்றில்தான் ரிசீவர் வயர் போக வேண்டும். ரிசீவரிலும் ‘அவுட்’ சாக்கெட்டில், அதுவும் ஏ.ஆர்.சி. என்று எழுதியதில். பிறகு, கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் சி.இ.சி. வசதி இரு பக்கமும் இயக்கத்தில் இருக்க வேண்டும். அதை அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது. சாம்சங் அதற்கு ‘எனிநெட் பிளஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறது, எல்ஜி ‘சிம்ப்ளிங்க்’, சோனி ‘பிராவியா சிங்க்’, பானசோனிக் ‘வியரா லிங்க்’. ஆளுக்கொரு பெயர் வைத்ததில் யாருக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை. தேடுகிறவர்களுக்குத் தலைவலிதான் மிச்சம். கடைசியாக டி.வி.யின் ஒலி மெனுவில் ‘டி.வி. ஸ்பீக்கர்’ என்பதை ‘ரிசீவர்’ அல்லது ‘வெளி ஸ்பீக்கர்’ என்று மாற்றுங்கள், ரிசீவரிலும் ‘டி.வி.’ என்ற இன்புட்டைத் தேர்வு செய்யுங்கள். சி.பி.எல்./சாட் இன்புட்டில் வைத்துக்கொண்டு ஏ.ஆர்.சி. ஒலிக்காகக் காத்திருந்தால் வராது.

ஏ.ஆர்.சி. அடம்பிடித்தால் என் ஆலோசனை அதனோடு மல்லுக்கட்டாமல் டி.வி.யின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ஒரு வயரை ரிசீவருக்கு இழுத்துவிடுவது. ஒரு குறை உண்டு: பழைய டி.வி.க்கள் பல, எச்.டி.எம்.ஐ.யில் வரும் 5.1 ஒலியை ஸ்டீரியோவாகக் குறைத்துத்தான் ஆப்டிகலில் விடும். பாக்ஸிலேயே ஆப்டிகல் இருந்தால் அங்கிருந்து எடுப்பதே மேல்.

சில சேனல்களில் மட்டும் ஒலி இல்லை

ஒரே ஒரு சேனல் என்றால் முதலில் பாக்ஸ் ரிமோட்டில் மொழி மாற்றும் பொத்தானை அழுத்துங்கள். விளையாட்டு, கார்ட்டூன், அறிவியல் சேனல்களில் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று பல ஒலித்தடங்கள் சேர்ந்து வருகின்றன. காலியான தடம் ஒன்றில் பாக்ஸ் போய் நின்றிருக்கலாம்.

எச்.டி. சேனல்களில் மட்டும் ஊமை, மற்றவற்றில் சரி என்றால் அது டால்பி விவகாரம். பெரும்பாலான சேனல்கள் ஸ்டீரியோ ஒலியையே அனுப்புகின்றன. சில எச்.டி. சேனல்கள் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸில் அனுப்புகின்றன. பாக்ஸ் அதைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்குத் தள்ளினால், டிஜிட்டல் பிளஸ் தெரியாத பழைய ரிசீவர் மௌனம் காக்கும். ஆப்டிகல், கோஆக்ஸியல் இரண்டிலும் டிஜிட்டல் பிளஸ் போகவே போகாது. சாதாரண டால்பி டிஜிட்டல், ஸ்டீரியோ பி.சி.எம். போன்றவைதான் போகும். மௌனம்கூடப் பரவாயில்லை, சில மலிவான டிகோடர்கள் (சுருக்கிய ஒலியைப் பிரித்துத் தரும் கருவிகள்) சுருக்கப்பட்ட அந்த எண்களையே ஒலி என்று எடுத்துக்கொண்டு காது கிழியும் ‘க்ஷ்ஷ்’ ஓசையை எழுப்பும். அது கேட்டால் வால்யூமை உடனே இறக்குங்கள், ஸ்பீக்கரில் கீச்சொலி தரும் சிறு பகுதியான ட்வீட்டர் எரிந்துவிடக்கூடும். தீர்வு ஆரம்பத்தில் சொன்ன பி.சி.எம்.தான். ‘டால்பி டிஜிட்டல்’ என்று தனியாக ஒரு தேர்வு பாக்ஸில் இருந்து, ரிசீவர் முகப்பில் டால்பி முத்திரையும் இருந்தால் அதை முயலலாம்.

இசை கேட்கிறது, வசனம் கேட்கவில்லை

சண்டையும் பாட்டும் அதிரும். பேசுகிறவர்கள் மட்டும் கிணற்றுக்குள் இருந்து பேசுவார்கள். 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்குத்தான் போகிறது. அது வேலை செய்யவில்லை, அல்லது அப்படி ஒன்று வீட்டில் இல்லவே இல்லை, ஆனால் இருப்பதாக ரிசீவர் நம்பிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கர் அமைப்பில் ‘சென்டர்’ என்பதை ‘இல்லை’ என்று மாற்றினால் வசனத்தை இடது, வலது ஸ்பீக்கர்களுக்குப் பங்கிட்டுத் தந்துவிடும். நடு ஸ்பீக்கர் இருக்கிறது என்றால் ரிசீவரின் ‘டெஸ்ட் டோன்’ போட்டு, அதன் முறை வரும்போது சத்தம் வருகிறதா பாருங்கள்.

அனலாக் வயரில் இணைத்தவர்களுக்கு இதே அறிகுறி வேறு காரணத்தால் வரும். பாக்ஸில் இருக்கும் 3.5 மி.மீ. ஜாக்கில் பின் முழுதாக இறங்காமல் பூமி இணைப்பு (இரு பக்கத்துக்கும் பொதுவான கிரவுண்ட்) மட்டும் விட்டுப்போனால், இடத்துக்கும் வலத்துக்கும் பொதுவாக உள்ள ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும். வசனமும் பாடகர் குரலும் இரண்டு பக்கமும் பொதுவானவை, ஆகவே அவைதான் முதலில் காணாமல் போகும். எஞ்சுவது எதிரொலியும் பின்னணி வாத்தியமும். கரோக்கி பாடுகிறவர்களுக்கு வசதி. நாடகம் பார்க்கிறவர்களுக்கு இல்லை. பின்னை ‘க்ளிக்’ என்று கேட்கும்வரை அழுத்துங்கள்.

ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பேசுகிறது

சிவப்பு, வெள்ளைப் பின்களை ரிசீவர் முனையில் மட்டும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கம் மாறினால் கோளாறு வயரிலோ பாக்ஸிலோ. மாறாமல் அதே பக்கம் நின்றால் ரிசீவரிலோ ஸ்பீக்கரிலோ. முதலாவது என்றால் வேறு வயரைப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது என்றால் ரிசீவரை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றி மறுபடியும் அதே கேள்வி.

உறுமல், இரைச்சல்

நான் பார்த்தவரை, கேபிள் இணைப்பு உள்ள வீடுகளில் அதிகம் பொறுத்துக்கொள்ளப்படும் கோளாறு இதுதான். ‘அந்த செட் அப்படித்தான்’ என்று பழகிவிடுகிறார்கள். அப்படியில்லை.

உறுமலுக்கு வகை உண்டு. தாழ்ந்த குரலில் நிலையாக ‘ம்ம்ம்’ என்று வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல், பெரும்பாலும் எர்த் சுற்று. ரிசீவர் உங்கள் வீட்டு எர்த்தில் இருக்கிறது. கேபிள் வயரின் மேலுறை வலையோ தெருவில் எங்கோ, வேறொரு வீட்டு மாடியில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருக்கும். பாக்ஸையும் ரிசீவரையும் வயரால் இணைத்ததும் அந்த வேறுபாடு ஒலி வயரின் உறை வழியாக ஓடத் தொடங்கும். ஸ்பீக்கர் அதை உங்களுக்குப் பாடிக்காட்டுகிறது.

சோதனை எளிது. உறுமல் கேட்கும்போதே பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் வயரைக் கழற்றுங்கள். உறுமல் சட்டென்று நின்றால் காரணம் உறுதி. கழற்றும்போது கையில் சுரீரென்று மின்சாரம் உறைத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அது ஒலிக் கோளாறு அல்ல.

தீர்வுகளில் சிறந்தது ஆப்டிகல் வயர். அதில் போவது வெளிச்சம், உலோகத் தொடர்பே இல்லை, ஆகவே சுற்று முறிந்துவிடும். ஆனால் ஒலிக்கு ஆப்டிகல் போட்டுவிட்டு, படத்துக்காக பாக்ஸிலிருந்து ரிசீவருக்கு எச்.டி.எம்.ஐ.யையும் விட்டுவைத்தால் பயனில்லை. அதன் உறை வழியே சுற்று திரும்பவும் கூடிவிடும். எச்.டி.எம்.ஐ. நேராக டி.வி.க்குப் போகட்டும். பாக்ஸில் ஆப்டிகல் இல்லையென்றால் சிவப்பு, வெள்ளை வயர்களுக்கு நடுவே போடும் ஒலி ஐசோலேட்டர் (உலோகத் தொடர்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும் கருவி) கிடைக்கிறது, உள்ளே சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் கொண்டது. கேபிள் வயரிலேயே போடும் ஐசோலேட்டரும் உண்டு. டி.டி.எச். வைத்திருப்பவர்கள் இந்தக் கடைசி வகையை வாங்க வேண்டாம்: டிஷ்ஷின் நுனியில் இருக்கும், சிக்னலை வாங்கும் எல்.என்.பி. கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அதே வயர் வழியாகத்தான் பாக்ஸிலிருந்து மேலே போகிறது. நடுவில் ஐசோலேட்டர் வந்தால் உறுமலோடு படமும் போய்விடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் உறுமல் நின்றுவிடும் என்று சொல்லித்தரும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. உண்மைதான், நின்றுவிடும். உள்ளே ஒரு வயர் உரசி ரிசீவரின் உலோக உடலில் மின்சாரம் ஏறும் நாளில், அது போக வேண்டிய வழியை நீங்களே உடைத்து வைத்திருப்பீர்கள்.

உறுமல் மின்வெட்டின்போது மட்டும் வருகிறதா? இன்வெர்ட்டரைப் பாருங்கள். சதுர அலை தரும் மலிவான வகை என்றால் ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மர் அதில் முனகும். சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இருக்காது. மின்சாரம் வரும்வரை டி.வி. ஸ்பீக்கரில் கேட்டுக்கொள்வது செலவில்லாத வழி.

இன்னொரு வகை, ‘ஜ்ர்ர்ர்’ என்று கடுமையாக வந்து, படம் மாற மாறத் தானும் மாறுவது. திரையில் வெள்ளை எழுத்து நிறைந்தால் கூடும், இருண்ட காட்சியில் குறையும். வீடியோ சிக்னல் ஒலி வயரில் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். 3.5 மி.மீ. ஏ.வி. ஜாக் உள்ள சிறிய பாக்ஸ்களோடு வரும் வயரில், பின்னின் நான்கு பகுதிகளை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பதில் தயாரிப்பாளர்கள் ஒத்துப்போகவில்லை. பக்கத்து வீட்டு வயரைக் கடன் வாங்கிப் போட்டால் மஞ்சளில் ஒலியும் சிவப்பில் வீடியோவும் வரலாம். வயரைத் தூக்கிப் போடுமுன் மூன்று பின்களையும் நிறம் பாராமல் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள், பாதிச் சமயம் அதிலேயே சரியாகிவிடும். எந்த வரிசைக்கும் சரியாகவில்லை என்றால் பூமி இணைப்பே இடம் மாறியிருக்கிறது. அந்த பாக்ஸுக்கு உரிய வயர்தான் வேண்டும்.

உதடு ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம்

டி.வி. படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்கிறது, ரிசீவர் அவ்வளவு எடுப்பதில்லை. ஆகவே ஒலி முந்துவதே வழக்கம். மனிதர்கள் இதில் விசித்திரமானவர்கள்: ஒலி சுமார் 45 மில்லி விநாடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுகிறோம், பிந்தினால் ஏறத்தாழ 125 வரை உறைப்பதில்லை. தூரத்து வெடியின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள் ஆயிற்றே.

ஒலி முந்தினால் ரிசீவரில் ‘ஆடியோ டிலே’ அல்லது ‘லிப் சிங்க்’ என்ற அமைப்பை 40-இலிருந்து தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். நம் ஒளிபரப்பில் விநாடிக்கு 25 சட்டங்கள் (ஃபிரேம்கள்), ஆகவே ஒரு சட்டம் 40 மில்லி விநாடி. செய்தி வாசிப்பவரை வைத்துச் சரிபார்ப்பது நல்லது. மொழிமாற்றுத் தொடரை வைத்துச் சரிபார்க்க முயன்றால் விடிந்துவிடும்.

ஒலி பிந்தினால் ரிசீவரால் அதை முன்னே இழுக்க முடியாது. இருக்கும் டிலேவைச் சுழியமாக்குங்கள், பாக்ஸை பி.சி.எம்.-இல் வையுங்கள், ஏ.ஆர்.சி. வழியாக வருகிறது என்றால் பாக்ஸை நேராக ரிசீவரில் இணையுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் என்றால் தாமதம் அதன் பிறவிக்குணம்.

பின் ஸ்பீக்கர்கள் பேசுவதே இல்லை

பெரும்பாலும் கோளாறு இல்லை. ஸ்டீரியோவில் வரும் சேனலில் பின்பக்கத்துக்கென்று ஒலி எதுவும் இல்லை. ரிசீவரின் ‘புரோ லாஜிக்’ அல்லது ‘டால்பி சரவுண்ட்’ முறையைப் போட்டால் இருப்பதைப் பிரித்து ஐந்துக்கும் பங்கிடும். ‘ஆல் சேனல் ஸ்டீரியோ’ என்ற முறையும் உண்டு, முன்னால் வருவதையே பின்னாலும் ஒலிக்கும். கல்யாண வீட்டுக்குச் சரி.

விளம்பரம் வந்தால் அலறுகிறது

விளம்பர ஒலி மிகையாக இருக்கக் கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே இருக்கிறது. விதியை நம்பி உட்கார்ந்திருப்பதைவிட ரிசீவரின் ‘நைட்’ அல்லது ‘டைனமிக் வால்யூம்’ முறையை இயக்குவது பலன் தரும். சேனலுக்குச் சேனல் ஒலி ஏறி இறங்குவதற்கும் இதுவே மருந்து.

ஒலியைக் கூட்டினால் ரிசீவரே அணைந்துவிடுகிறது

இதைச் சாவகாசமாகப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. ‘டக்’ என்ற ஓசையோடு அணைந்து, முன்விளக்கு மினுக்கினால் அல்லது ‘புரொடெக்ட்’ என்று காட்டினால், பெரும்பாலும் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது ரிசீவர் சூடேறியிருக்கிறது. மின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கர் வயர்களின் முனைகளை இரு பக்கமும் பாருங்கள். முறுக்கிய செம்பிழைகளில் ஒரே ஓர் இழை தப்பி அடுத்த முனையைத் தொட்டால் போதும். பிறகு காற்றோட்டம்: ரிசீவரின் மேல் பாக்ஸை வைப்பது நம் வழக்கம், அதன் மேல் ஒரு துணியும். மேல்மூடியின் துளைகள் சூடு வெளியேறத்தான்.

ஸ்பீக்கர் வயர்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு ரிசீவரை மட்டும் இயக்குங்கள். நிலையாக நின்றால் ஒவ்வொரு ஸ்பீக்கராக, ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு, இணைத்துவாருங்கள். அணைய வைப்பது எதுவோ அதன் வயர்தான் அல்லது அந்த ஸ்பீக்கர்தான். ஒன்றுமே இணைக்காதபோதும் அணைந்தால் கோளாறு உள்ளே. மூடியைத் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும். சர்வீஸ் கடைக்கு ரிசீவரையும் அதன் ரிமோட்டையும் கொண்டுபோனால் போதும், ரிமோட்டை மறக்காதீர்கள். பல செட்களில் மெனுவைத் திறக்க அது இல்லாமல் அவர்களாலும் முடியாது.